நூற்றுக்கு எழுபத்தொன்று

பதினைந்து வருடம் பொறுத்திருந்தால் உள்ளூர் ஆளுக்குச் சமமாகிவிடலாம் என்று, பிழைக்க வந்து இறங்கிய அன்றைக்கே ரசமட்டத்துக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது வந்தோர் ஊதியச் சமநிலை வாரியம். அதே தாளில், கொஞ்சம் சின்ன எழுத்தில், இன்னொன்றும் இருந்தது: உள்ளூர் ஆளுக்குச் சமமான சம்பளம் வாங்குகிறார் என்று வாரியம் சான்று கொடுத்த பிறகுதான் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம்.

ரசமட்டத்துக்குத் தரையில் டைல்ஸ் பதிக்கிற வேலை. குமிழி நடுவில் நிற்கிறதா என்று மற்றவர்கள் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்ப்பதற்குள், அவர் வெறுங்கண்ணால் பார்த்தே, "இந்தப் பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் ஒரு நூல் ஏறித்தான் இருக்கும். அதனால் வந்த பெயர். கல்யாணமாகிப் பதினாறு வருடம். இங்கே வந்த பிறகு, லீவில் போய் வந்ததையெல்லாம் கூட்டிச் சேர்த்தால் மனைவியோடு குடித்தனம் நடத்தியது பதினோரு மாதம்.

பதினைந்தாம் வருடம் முடிந்த மறுநாளே, சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வளைகோட்டு அலுவலர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஒல்லியான மனிதர். வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர் என்று அலுவலகத்தில் பெயர். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. கீழே ஒரு மூலையில் ஆரம்பித்த சிவப்புக் கோடு வளைந்து வளைந்து ஏறி, பதினைந்து என்று போட்டிருந்த இடத்தில் மேலே இருந்த நேர்கோட்டைத் தொட்டது.

"வாழ்த்துகள்! நீங்க சமமாயிட்டீங்க" என்றார் அலுவலர்.

"எங்கங்க?"

"இதோ" என்று கோடு தொட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சம்பளம் இன்னும் எழுபத்தொண்ணுலதான் நிக்குதுங்க. கூட வேலை பார்க்கிறவருக்கு நூறு."

"அது உங்க சம்பளம். நான் சொல்றது உங்க சராசரியை." அலுவலர் பொறுமையாக விளக்கினார். "உங்க வருஷத்துல ஆயிரம் பேர் வந்தீங்க. அதுல அறுநூறு பேர் சம்பளம் கட்டுப்படியாகாம ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க. குறைச்சலா வாங்கினவங்க போகப் போக, மிச்சம் இருக்கிறவங்க சராசரி தானா ஏறும். அதுதான் இந்த வளைவு."

"போனவங்க?"

"போனவங்க கணக்குல வரமாட்டாங்க. இந்த முறையோட அழகே அதுதான். சொல்லப்போனா நீங்களும் போயிருந்தீங்கன்னா கோடு இன்னும் கொஞ்சம் மேல போயிருக்கும். பரவாயில்லை, நாங்க யாரையும் வற்புறுத்தறதில்லை."

ரசமட்டம் தலையைச் சொறிந்தார். "அப்ப என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரலாமுங்களா?"

"சராசரி கூட்டிட்டு வரலாம். நீங்க தனிநபராச்சே."

தனிநபருக்கு வேறு விண்ணப்பம் இருந்தது. அதில் ஒப்பாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். அதே தொழில், அதே வயது, அதே இடத்தில் வேலை, பிறந்தது மட்டும் உள்ளூரில். அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக் கொம்பு, தேடிப் பிடிக்க ஏழெட்டு வருடமாவது ஆகும் என்று அலுவலர் வருத்தப்பட்டார்.

"வெளியில வண்டியில உக்காந்திருக்காருங்க" என்றார் ரசமட்டம். "என்னைக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்."

அப்படி உள்ளே வந்தவர்தான் உள்ளூரார். பதினோரு வருடமாக ரசமட்டமும் அவரும் ஒரே தரையில் முட்டி போட்டவர்கள். ஒருவர் கலவை பரப்பிப் பதிப்பார், மற்றவர் அளந்து வெட்டிக் கொடுப்பார். டீ குடித்துவிட்டு வந்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நாற்பத்தாறு வயது, இரண்டு பேருக்கும் வலது முட்டியில் வலி.

"என்னய்யா மட்டம், என்னைப் பத்தி என்ன போட்டுக் குடுத்த?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார் உள்ளூரார்.

"உன்னைப் பார்த்துத்தான் என்னை அளக்கப் போறாங்களாம்."

"என்னைப் பார்த்தா? பாவம்யா நீ."

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து ஆறு பேர் வேலை நடக்கிற இடத்துக்கே வந்தார்கள். கட்டி முடியப்போகிற புது ஆஸ்பத்திரி அது. நீளமான வார்டில் பாதித் தரை முடிந்திருந்தது. ஆளுக்கொரு நாணயத்தை எடுத்து டைல்ஸைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். உள்ளே கலவை நிரம்பாமல் போனால் பொக்கென்று சத்தம் வரும். ஒன்றிலும் வரவில்லை.

"இதைப் பதிச்சது யாரு?" என்றார் வளைகோட்டு அலுவலர்.

"பதிச்சது நான். வெட்டினது அவரு" என்றார் ரசமட்டம்.

"இது?"

"அது டீக்கு அப்புறம் பதிச்சது. அதனால அவரு."

"அப்ப கலவை?"

"கலவைக்கு வாய் இருந்தாத்தான் சார் சொல்லும்" என்றார் உள்ளூரார்.

இப்படிக் கலந்து வேலை பார்த்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று வார்டுக்கு நடுவில் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ரசமட்டம் தனியாக, அந்தப் பக்கம் உள்ளூரார் தனியாக. ஒரு வாரம் பேசக்கூடாது, கரண்டி கடன் கொடுக்கக்கூடாது. வாரக் கடைசியில் கயிற்றை அவிழ்த்தால், கயிறு எங்கே இருந்தது என்று கட்டியவர்களுக்கே தெரியவில்லை. மறுபடி நாணயத்தை எடுத்துத் தட்டினார்கள்.

வளைகோட்டு அலுவலருக்கு முகம் வாடிவிட்டது. "வேலையில வித்தியாசம் இல்லை. ஆனா சம்பளத்துல இருபத்தொன்பது வித்தியாசம் இருக்கு. அப்ப இது விளக்கப்படாத இடைவெளி."

விளக்கப்படாத இடைவெளிக்கு வாரியத்தில் தனிப் பிரிவே இருந்தது. பதினெட்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒரு மதியம் முழுக்க உட்கார வைத்துவிட்டு, பிரிவுத் தலைவர் ரசமட்டத்தைக் கூப்பிட்டார். குண்டான, இதமான மனிதர்.

"இருபத்தாறு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு இடைவெளியைக்கூட விளக்கினது கிடையாது" என்றார் பெருமையாக.

"ஏங்க?"

"விளக்கிட்டா அது விளக்கப்பட்ட இடைவெளி ஆயிடும். வேற பிரிவுக்குப் போயிடும். அப்புறம் எங்க பதினெட்டு பேர் கதி?" குரலைத் தாழ்த்தினார். "உங்க முகத்தைப் பார்த்தா நல்லவரா தெரியுது. நம்ம பிள்ளைகுட்டிக்காரங்க வாயில மண்ணைப் போட மாட்டீங்கன்னு நம்பறேன்."

கேட்க வந்ததைக் கேட்காமலே, அந்தப் பதினெட்டு பேருக்காகவும் மனம் இளகிப்போய் ரசமட்டம் வெளியே வந்தார். பாதிப் படி இறங்கிய பிறகுதான் தனக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து, திரும்பி ஏறினார்.

வளைகோட்டு அலுவலர் கைவிட்டுவிடவில்லை. விளக்கத்தைத் தானே தேட ஆரம்பித்தார்.

"ஊர்ல எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தீங்க?"

"ஒன்பது வருஷமுங்க."

"அதைச் சேர்க்க முடியாது. அது அந்த ஊர்த் தரை."

"தரை எல்லா ஊர்லயும் காலுக்குக் கீழதானேங்க இருக்கு?"

அலுவலர் குனிந்து எழுதினார்: விண்ணப்பதாரருக்கு உள்ளூர்த் தரையைப் பற்றிய புரிதல் குறைவு.

அந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஒரு பரீட்சை உண்டு என்றார். உள்ளூர்த் தன்மைப் பரீட்சை. அதில் முக்கியமான பாடம், மழையைப் பற்றிக் குறைபடுதல். நான்கு நிமிடம் விடாமல் குறைபட வேண்டும், ஆனால் யார் மீதும் குற்றம் சொல்லக்கூடாது. உள்ளூர்க்காரர்கள் கடைகண்ணியில், பேருந்து நிறுத்தத்தில் இதை இயல்பாகச் செய்கிறார்கள் என்றும், சம்பளம் ஏறுவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறது என்றும் அலுவலர் சொன்னார்.

வார்டின் தரையில் உட்கார்ந்து உள்ளூரார் பாடம் எடுத்தார். "முதல்ல பெருமூச்சு விடணும்யா. எடுத்ததும் மழைன்னு சொல்லிடக் கூடாது. 'என்னத்தைச் சொல்றது போங்க'ன்னு ஆரம்பி."

"என்னத்தைச் சொல்றது போங்க" என்றார் ரசமட்டம்.

"சந்தோஷமா சொல்றியேய்யா! குடை மறந்துட்டு வந்தவன் மாதிரி சொல்லு."

அந்த வாரம் மனைவியிடம் போனில் பேசும்போதும் பழகிப் பார்த்தார். அவர் மனைவி ஊரில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். மூன்று நிமிடம் மிஷின் ஓடிக்கொண்டே கேட்டது. பிறகு நின்றது.

"என்னங்க, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மழையைப் பத்தியே பேசுறீங்க?"

"பரீட்சைக்குப் படிக்கிறேன். பாஸானா உன்னைக் கூட்டிட்டு வந்துரலாம்."

"எனக்கு முப்பத்தெட்டு ஆச்சுங்க. இன்னும் நாளாச்சுன்னா, நான் வந்து இறங்கினதும் உங்களையும் என்னையும் யாராவது நடுவுல நின்னு அறிமுகப்படுத்தி வைக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மிஷின் ரொம்ப நேரம் மறுபடி ஓடவில்லை.

பரீட்சையில் ரசமட்டம் நூற்றுக்கு எண்பத்தாறு வாங்கினார். ஒப்பிடுவதற்காக உள்ளூராரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். "மழையா? பெய்யட்டும் சார், யாரு வேண்டாங்கறா" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்துவிட்டதால் முப்பத்தொன்று.

"அப்ப நான்தானுங்களே கூட?" என்றார் ரசமட்டம்.

"அவருக்கு மார்க் தேவையில்லை. அவர் பிறந்துட்டாரு."

"நானும் பிறந்திருக்கேனுங்க."

"பிறக்கலைன்னு யாருங்க சொன்னது? இடத்தைத்தான் சரியா பார்த்துத் தேர்ந்தெடுக்கலை." அலுவலர் கனிவாகச் சொன்னார். "போகட்டும். எண்பத்தாறு நல்ல மார்க். இனிமே இடைவெளி இருக்க நியாயமில்லை. உங்க காண்ட்ராக்டருக்கு உத்தரவு போடறேன். முப்பது நாள்ல ரெண்டு பேர் சம்பளமும் ஒண்ணா இருக்கணும்."

அந்த நேரத்தில் ரசமட்டத்துக்கு வந்த சந்தோஷத்தில், தங்கியிருக்கிற இடம் வரைக்கும் நடந்தே வந்தார். வலது முட்டி வலிக்கவே இல்லை.

காண்ட்ராக்டர் சட்டத்தை மதிக்கிறவர். முப்பது நாள் எதற்கு, மூன்றே நாளில் முடித்துவிட்டார். நூறு வாங்கிய உள்ளூராருக்கும் எழுபத்தொன்று ஆக்கினார்.

வாரியம் இதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வார்டிலேயே மேடை போட்டு, இரண்டு பேரையும் மாலையோடு உட்கார வைத்தார்கள். வாரியத் தலைவி பேசினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு.

"இடைவெளி என்றால் என்ன? இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பது. அதை மூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த எண்ணை நகர்த்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இத்தனை வருடமாகக் கீழே இருக்கிற எண்ணைத் தூக்கித் தூக்கி எங்கள் முதுகு ஒடிந்துபோயிற்று. மேலே இருக்கிற எண்ணைப் பிடித்த கையை விட்டால் போதும், தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும் என்ற எளிய உண்மையை இந்த இரண்டு தொழிலாளர்களும் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சமத்துவம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், என்றைக்கோ வாங்கியிருப்போம்!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. காண்ட்ராக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

மாலையைக் கழற்றி மணல் மூட்டை மேல் போட்டுவிட்டு இரண்டு பேரும் டீக்குப் போனார்கள். ரசமட்டத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உன் தட்டுல கை வைக்கணும்னு நான் நினைக்கலைய்யா."

"நீ எங்க வச்ச? உன் தட்டு இருந்த மாதிரியேதான இருக்கு." உள்ளூரார் டீயை ஊதினார். "எடுத்தவன் கேடயத்தோட வீட்டுக்குப் போயிட்டான். உனக்கு நல்லது நடந்ததுக்குச் சிரிக்கிறதா, எனக்கு நடந்ததுக்கு அழுறதான்னு தெரியலை. முதல்ல உன் சான்றிதழை வாங்கு. தங்கச்சி வரட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளைப் பார்த்துக்கலாம்."

மறுநாள் சான்றிதழ் வாங்கப் போனார்கள். வளைகோட்டு அலுவலர் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடக் குனிந்தவர், நிமிர்ந்தார்.

"ஒப்பாளர் சம்பளம் எழுபத்தொண்ணுன்னு இருக்கே?"

"ஆமா சார்" என்றார் உள்ளூரார். "நீங்க பண்ணினதுதான்."

அலுவலர் பட்டியலைப் புரட்டினார். "எழுபத்தொண்ணு வந்தவங்களுக்கான சம்பளமாச்சே. அப்ப நீங்க வந்தவர். நீங்க எப்ப வந்தீங்க?"

"இங்கதான் சார் பிறந்தேன். இதே தெருக்கோடி ஆஸ்பத்திரியில."

"பிறந்ததை நான் மறுக்கலை. ஆனா பட்டியல் பிறப்பைப் பார்க்கறதில்லை, சம்பளத்தைத்தான் பார்க்கும். சம்பளம் மாறின தேதியை வந்த தேதியா போட்டுக்கறேன். போன வியாழக்கிழமை." அவர் எழுதிக்கொண்டே போனார். "முதல் வருஷத்துக்கு அறுபதுதான். நீங்க பதினொண்ணு அதிகமா வாங்கறீங்க. இப்போதைக்குக் கண்டுக்கலை."

"அப்ப என் சான்றிதழுங்க?" என்றார் ரசமட்டம்.

"நீங்க சமமானது யாருக்கு? போன வியாழக்கிழமை வந்தவருக்கு. அதுக்கு எப்படிங்க சான்று தர முடியும்? நான் பொய் எழுத மாட்டேன்." பேனாவை மூடினார். பிறகு உள்ளூராரைப் பார்த்து, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"இருபது வருஷமாச்சு."

"மனைவி எங்க இருக்காங்க?"

"வீட்லதான். மூணு தெரு தள்ளி."

அலுவலர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, உள்ளூராரின் மனைவி வாரியத்துக்கு வந்தாள். தெருக்கோடி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள், எல்லோருக்கும் சலவையக்கா. ஒரு கையில் நோட்டீஸ், மறு கையில் பை, கக்கத்தில் சுருட்டிய பாய். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, நோட்டைத் திறந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்றார்.

"என் புருஷனை. அவரோட நான் இருக்கக் கூடாதாம். அவர் சமமாகற வரைக்கும் வெளிநாட்டுல காத்திருக்கணும்னு எழுதியிருக்காங்க. அந்த வெளிநாட்டுக்கு எந்த பஸ்ஸு ஏறணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

காவலாளிக்குத் தெரியவில்லை. உள்ளே அனுப்பினார். வளைகோட்டு அலுவலருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கு வெளிநாடு எதுவும் இல்லையாம்மா?"

"எனக்கு எங்க அம்மா வீடே அடுத்த தெருதான் சார்."

"அப்ப எங்க காத்திருப்பீங்க?"

"நீங்க சொல்ற இடத்துல. சொல்ற வரைக்கும் இங்க" என்று அவர் மேஜைக்கு முன்னால் பாயை விரித்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னார்கள். "நான் இன்னும் இந்த ஊருக்கே வரலை சார். வராத ஆளை எப்படிப் போகச் சொல்வீங்க?" என்றாள். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரியாக இருந்தது.

வாரியம் பதினோரு முறை கூடியது. கடைசியில் முடிவாயிற்று. நடைக்கூடத்தின் கோடியில் பழைய கோப்புகள் கிடந்த அறையைக் காலி செய்து, அது வெளிநாடாகக் கருதப்படும் என்று அறிவித்தார்கள். ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதே என்று சுற்றறிக்கையைப் பொதுவாக எழுதினார்கள்: காத்திருக்கும் துணைவியர் அனைவரும் இனிமேல் வாரியத்தின் காத்திருப்பு அறையில் மட்டுமே காத்திருக்க வேண்டும். வேறு எங்காவது காத்திருப்பவர்களின் காத்திருப்பு செல்லாது. பயணச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

சுற்றறிக்கையை யாரும் முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தபாலில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் ரசமட்டத்தின் மனைவியே போனில் கூப்பிட்டாள். "என்னங்க, என்னை அங்க வரச் சொல்லியிருக்காங்க."

ரசமட்டம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "வரலாம்னு சொல்லிட்டாங்களா?"

"வரக் கூடாதாம். அங்க வந்து, வராம காத்திருக்கணுமாம். டிக்கெட்டு வச்சிருக்காங்க. நான் மிஷினை வித்துடவா?"

"வித்துடு" என்றார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அறைக்கும் நடைக்கூடத்துக்கும் புதுத் தரை போடும் வேலை, கேடயம் வாங்கிய காண்ட்ராக்டருக்கே போயிற்று. அவர் தன்னுடைய சிறந்த ஆட்களை அனுப்பினார். ரசமட்டமும் உள்ளூராரும் விடுமுறை நாட்களில் நடைக்கூடத்தில் முட்டி போட்டார்கள். வேலை உத்தரவில் ஒரு விசேஷம் இருந்தது: உள்நாடு முடிந்து வெளிநாடு தொடங்குவதைக் குறிக்க, பொருத்தமான இடத்தில், நான்கு விரல் அகலத்தில் கறுப்புப் பட்டை பதிக்கப்பட வேண்டும். பட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் தரை முழுவதும் வெளிநாடு.

பொருத்தமான இடம் எது என்பது தரை வேலைக்காரனுக்குத் தெரியும். நடைக்கூடத்து வாசலில் முழு டைலாக ஆரம்பித்துக்கொண்டு போனால், கோடி அறை வாசலுக்கு முன்னால் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. பட்டையை ஒட்டி, கண்ணில் படுகிற இடத்தில், துண்டு வைப்பதைவிடத் தொழிலுக்கு வேறு கேவலம் கிடையாது. கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்தார்கள். அங்கே முழு டைல் முடிந்தது, ஆனால் சுவரில் ஒட்டிக்கொள்ள மூலையில்லாமல் பட்டை அநாதையாக நின்றது. இன்னும் முன்னால் வந்தார்கள். விளக்கப்படாத இடைவெளிப் பிரிவு, வளைகோட்டு அலுவலர் அறை, தலைவி அறை, எல்லாவற்றையும் தாண்டி, நடைக்கூடத்தின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் தூண் நிற்கிற இடத்துக்கு வந்தபோதுதான் முழு டைலும் தூணும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. அங்கேயே பதித்தார்கள். ஒரு நூல் பிசகவில்லை.

உள்ளூரார் எழுந்து நின்று பட்டையைப் பார்த்தார். நடைக்கூடத்தைப் பார்த்தார். ரசமட்டத்தைப் பார்த்தார்.

"யோவ், தெரிஞ்சுதான் பண்ணினியா?"

"முழு டைல் இங்கதான்யா முடியுது" என்றார் ரசமட்டம்.

திங்கட்கிழமை திறப்பு விழா. அலுவலர்கள் வழக்கம்போல் வந்து அவரவர் அறையில் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. முதல் தவணையாக நாற்பது பெண்கள், பையும் மூட்டையுமாக இறங்கினார்கள். பட்டைக்கு வெளியே, தூணோரம் உள்ளூராரோடு நின்றிருந்த ரசமட்டம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதினோராவதாக வந்தவளின் முன்னந்தலையில் நரை. போட்டோவில் அது இல்லை.

அவள் நின்றாள். பின்னால் வரிசை தள்ளியது. அவள் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, "நல்லாப் போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொல்லி, பட்டையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

தலைவி தன் அறை வாசலில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறிவிப்பை உரக்க வாசித்தார். "கறுப்புப் பட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் தரை முழுவதும் வெளிநாடு. அங்கே இருப்பவர்கள் யாராக இருந்தாலும், அனுமதி பெற்று வெளியே வரும் நாளே அவர்கள் வந்த நாளாகக் கொள்ளப்படும்."

வளைகோட்டு அலுவலர் மெதுவாகக் கீழே பார்த்தார். பிறகு நடைக்கூடத்தின் தொடக்கத்தைப் பார்த்தார். "அம்மா, ஒரு நிமிஷம். நாம இப்ப எங்க நிக்கிறோம்?"

தலைவி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "யாரய்யா அங்கே! அந்தப் பட்டையைப் பேர்த்து எடு!"

"இறுகிருச்சுங்கம்மா" என்றார் ரசமட்டம்.

"இது என் உத்தரவு!"

"மன்னிக்கணும்மா" என்றார் வளைகோட்டு அலுவலர். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நாம உள்நாட்டுக்கு உத்தரவு போட முடியாது. விதி ஏழு. நான் எழுதினதுதான்."

"சரி, வெளியே போய்ப் போடுகிறேன்."

"வெளியே போகணும்னா அனுமதி வேணும். உள்நாட்டுல பணியில இருக்கிற வாரிய ஊழியர் யாராவதுதான் தர முடியும். நாம எல்லாரும் உள்ள இருக்கோம்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பட்டைக்கு அந்தப் பக்கம், வாசலில், முக்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா" என்று கூப்பிட்டார் வளைகோட்டு அலுவலர். அந்த வார்த்தையால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காவலாளி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முக்காலியைத் தூக்கிவந்து பட்டையை ஒட்டிப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்தார். பதினெட்டு பேரும் அவர்கள் தலைவரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"இருங்க, இருங்க. பொம்பளைங்க முதல்ல வரட்டும்" என்றார் காவலாளி. "அவங்க எத்தனையோ வருஷமா காத்திருக்காங்க. நீங்கள்லாம் இன்னிக்குத்தான வந்தீங்க?"

சலவையக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் வந்தாள்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"மூணு தெரு தள்ளி."

"தூரம்தான்" என்று எழுதிக்கொண்டார்.

பதினோராவதாக அவள் வந்தாள். "யாரைப் பார்க்கணும்மா?" என்றார் காவலாளி.

"அதோ, சிமெண்டுச் சட்டை போட்டுக்கிட்டுத் திருதிருன்னு முழிக்கிறாரே, அவரை."

எழுதிக்கொண்டார். அவள் பட்டையைத் தாண்டினாள். ரசமட்டம் அவள் பையை வாங்கிக்கொண்டார். பதினைந்து வருடமாகச் சான்றிதழ், விண்ணப்பம், பரீட்சை என்று எல்லாவற்றையும் யோசித்தவர், ஒன்றை யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் தங்கியிருக்கிறது வீடில்லை. ஒரு ரூமு. எட்டுப் பேரு."

"எட்டுப் பேரா!"

"எங்க வீட்டுக்கு வாங்க தாயி" என்றாள் சலவையக்கா. "மூணு தெருதான். இவங்க ரெண்டு பேரும் நாளைக்குக் காண்ட்ராக்டர் வீட்டு வாசல்ல போய் உக்காரட்டும். நான் பாய் தர்றேன்."

உள்ளே பேச்சு வலுத்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு ஒப்பாளர் யார்?" என்று தலைவி கேட்டார்.

"வெளியில இருக்கிற ஒரே உள்ளூர் ஊழியர் அவர்தாம்மா" என்று வளைகோட்டு அலுவலர் காவலாளியைக் காட்டினார். தனக்கான விண்ணப்பத்தில் பெயர் எழுதி முடித்திருந்தார். "முதல் வருஷம் அவர் சம்பளத்துல நூத்துக்கு அறுபது. அப்புறம் வருஷா வருஷம் ஏறும். கவலைப்படாதீங்க, கோடு பொய் சொல்லாது."

"அவர் சம்பளம் என்ன?"

காவலாளி சொன்னார். தலைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு பேரும் தெருவில் இறங்கியபோது உள்ளிருந்து பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ அழுகிறார்களா, கோஷம் போடுகிறார்களா என்று தெரியவில்லை. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லை, வா" என்றார் ரசமட்டம். "புதுசா வந்தவங்க. போகப் போகப் பழகிடும்."